சாயங்காலச் சிரிப்பு

வடிவு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலக் காபிக்காகக் கடையிலிருந்து பின்கட்டுக்கு வந்த ஆவுடையப்பன், அடுப்படி வாசலில் நின்று அவளைப் பார்த்தான். கத்தியைப் பிடித்த அவள் கை அப்படியே நின்றுவிட்டது. முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது. ஒப்புக்குச் சிரிக்கிற சிரிப்பு அல்ல. கன்னம் ஏறி, கண்ணோரம் சுருங்கி, மூச்சு நெஞ்சு நிறைய ஏறி இறங்கியது. எதிரே வெறும் சுவர். போன் முன்னறையில் கிடந்தது.

“என்னத்துக்குச் சிரிக்கே?” என்று கேட்டான்.

“சிரிச்சனா?” என்றாள். மறுபடியும் நறுக்க ஆரம்பித்தாள்.

ஆவுடையப்பன் பாளையங்கோட்டையில், வீட்டின் முன்பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஊரார் கண்களை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்தே பாதி வாழ்நாளைக் கழித்தவன். வெளிச்சம் குறைந்தால் கண்ணின் கருமணி விரியும். மனசுக்குப் பிடித்தது எதிரே வந்தாலும் விரியும் என்பது அவனுக்குத் தெரியும். அன்று அடுப்படி விளக்கு எரிந்துகொண்டிருந்தும் வடிவின் கருமணிகள் மிளகு போல விரிந்திருந்தன. அவன் வாசலில் வந்து நின்றதற்காக அவை விரியவில்லை. அதை அவனால் சத்தியம் செய்து சொல்ல முடியும்.

அதற்குப் பிறகு அவள் வீட்டிலிருக்கும் சாயங்காலங்களில் எல்லாம் அவன் காத்திருந்து பார்த்தான். சிரிப்பு தவறவே இல்லை.

அவன் மனைவி சங்கரவடிவு போலீஸ் இன்ஸ்பெக்டர். நகரத்தின் நெருக்கடியான காவல் நிலையம் ஒன்று அவள் பொறுப்பில் இருந்தது. முன்பெல்லாம் தூக்கில் தொங்கிய பெண்ணை இறக்கிவிட்டு வந்த நாளிலும், பஸ் கவிழ்ந்த இடத்திலிருந்து வந்த நாளிலும் நேரே குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவன் வெளியே நின்று கூப்பிடுவான். கதவு திறந்ததும் அவன் தோளில் முகத்தை வைத்து, பார்த்ததையெல்லாம் சொல்லி அழுவாள். அழுது முடித்த பிறகுதான் அந்த வீட்டில் சாப்பாடு.

பிறகு அந்தத் திட்டம் வந்தது. காவலர்கள் தங்கள் உயிரைத் தாங்களே எடுத்துக்கொள்வது அடுத்தடுத்து நடந்துகொண்டிருந்த காலம் அது. துறை அந்தத் திட்டத்துக்குத் ‘தோள்’ என்று பெயர் வைத்தது. பிடரியில் தோலுக்கு அடியில் அரிசி அளவுக்கு ஒரு சில்லு. குடும்பத்தாரைக் கூட்டி வைத்து, துறையின் மனநல மருத்துவர் பியூலா விளக்கிச் சொன்னார்.

“பயத்த மருந்து குடுத்து அமுக்கிப் பாத்தோம். என்ன ஆச்சு தெரியுமா? ஆத்துல ஒரு புள்ள முங்குது. கரையில நின்ன போலீஸ்காரர் பதறாம பாத்துக்கிட்டு நிக்காரு. பதற்றம் இருந்தாத்தான மனுஷன் தண்ணிக்குள்ள குதிப்பான்? அதனால அத எடுக்கக் கூடாது, பங்கு போடணும்னு முடிவு பண்ணோம். ஒருத்தர் உடம்பு துடிச்சா, அதுல பாதிய இன்னொரு போலீஸ்காரர் உடம்பு வாங்கிக்கும். அவருக்குத் துடிச்சா இவங்க வாங்கிக்குவாங்க. ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் தோள்.”

“யாரு அந்த இன்னொருத்தர்?”

“அது ரெண்டு பேருக்குமே தெரியக் கூடாது. உடம்போட வாகு பாத்து மிஷின் ஜோடி சேக்கும்.”

ஆவுடையப்பன் எழுந்தான். “அந்தப் பங்க நான் வாங்கிக்கிடக் கூடாதா டாக்டர்?”

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். மருத்துவர் சிரிக்கவில்லை. “நீங்க ஒருத்தர் கண்ணப் பாத்துக்கிட்டு இருக்கும்போது, அவங்க கத்திக்குத்துக்கு நடுவுல நிப்பாங்க. அதுக்குன்னு பழகுன உடம்பு வேணும் சார். வருஷா வருஷம் உங்க சம்மதத்தக் கேப்போம். வேண்டாம்னா அப்பச் சொல்லலாம்.”

அவன் சம்மதித்தான். வடிவு மாறினாள். எந்த வழக்கைப் பார்த்துவிட்டு வந்தாலும் கை காலைக் கழுவி, தட்டை வைத்துச் சாப்பிட்டு, கடையில் வியாபாரம் எப்படி என்று விசாரித்துவிட்டுத் தூங்கினாள். சாமிக்குத் தேங்காய் உடைத்தான் ஆவுடையப்பன். ஒரு மாதம் நிம்மதியாக இருந்தான். அதன் பிறகு, பூட்டாத குளியலறைக் கதவைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு ஏதோ களவு போனதுபோல இருந்தது. பெண்டாட்டி அழவில்லையே என்று ஏங்குகிறவன் என்ன மனுஷன் என்று தன்னையே வைதுகொண்டான். ஆனாலும் ஏக்கம் போகவில்லை. அவள் அழுகை இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று யோசித்தான்.

அழுகை போனாலும் போகட்டும். சிரிப்பு வந்ததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் நேராகவே கேட்டான். வடிவு மறைக்கவில்லை.

“அது தோள்லேருந்து வருதுங்க. அந்தப் பக்கத்துல இருக்கவுகளுக்குச் சாயங்காலமானா ஏதோ சந்தோசம். எனக்கும் வந்துருது.”

“பயந்தான வரும்னு சொன்னாவ?”

“எனக்கென்ன தெரியும். நல்லா இருக்கு.”

நல்லா இருக்கு என்ற அந்த ஒரு சொல் நெருஞ்சி முள்ளாய் ஏறியது. மறுநாளே மருத்துவர் பியூலா முன்னால் போய் உட்கார்ந்தான்.

அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். “மிஷினுக்குத் துடிப்புதான் சார் தெரியும். பயத்துலயும் நெஞ்சு துடிக்கும். சந்தோஷத்துலயும் துடிக்கும். ரெண்டையும் பிரிக்க எங்களால முடியல. முடிஞ்சிருந்தாலும் பிரிச்சிருக்க மாட்டோம். வெறும் பயத்த மட்டும் எத்தன நாளைக்கு ஒரு மனுஷன் வாங்குவான்?”

“அப்ப எவனோ ஒருத்தன் சந்தோசப்பட்டா எம் பொண்டாட்டி சிரிப்பா.”

“ஆமா. உங்க மனைவி சந்தோஷப்பட்டா அவரும் சிரிப்பாரு.”

அந்த இரண்டாவது வாக்கியத்தின் பொருள் அவனுக்கு ஏறவில்லை. அவன் மனசு முழுக்க ‘அவரு’ என்பதிலேயே நின்றது. அப்படியென்றால் ஆண்தான். வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு ஆவுடையப்பன் போலீஸ்காரர்களாகப் பார்த்துக்கொண்டு திரிந்தான். வடிவின் நிலையத்தில் புதிதாக வந்திருந்த சப் இன்ஸ்பெக்டர் நல்ல உயரம், கட்டுமஸ்தான உடம்பு. அவன்தான் என்று ஒரு வாரம் குமைந்தான். பிறகு போக்குவரத்துப் பிரிவில் ஒருவனைச் சந்தேகப்பட்டான். கடைக்குக் கண் பார்க்க வரும் காவலர்களிடம், கருவியை அவர்கள் கண்ணில் வைத்தபடியே, “சாயங்காலம் எங்க போவிய, என்ன செய்விய” என்று நைசாகக் கேட்டான்.

தேரோட்டத்தன்று விடை கிடைத்தது. நகரப் போலீஸ் முழுவதும் ரத வீதியில் நின்றது. ஆவுடையப்பன் ஜவுளிக்கடை மாடியில் இடம் பிடித்து, தேரை விட்டுவிட்டு வடிவைப் பார்த்துக்கொண்டிருந்தான். வடம் இழுத்த கூட்டம் திடீரென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தடுப்புக் கம்பியோரம் ஒரு பெண் விழுந்தாள். வடிவு குனிந்து அவளைத் தூக்கப் போக, கூட்டம் அவள் மேலேயும் கவிந்தது. காக்கித் தொப்பி மட்டும் ஒரு நொடி தெரிந்து மறைந்தது. ஆவுடையப்பனுக்கு உயிரே போய்விட்டது.

அப்போதுதான் அதைப் பார்த்தான். ஜனமே இல்லாத சந்து முனையில், செருப்புக் குவியலுக்குக் காவல் நின்ற ஏட்டு ஒருவர் திடீரென்று சுவரைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கை நெஞ்சை அழுத்தியது. முகம் வேர்த்து வழிந்தது. அந்த நிலையிலும் அவர் கண் கூட்டத்தைத் தாண்டி, சரியாக வடிவு விழுந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

வடிவு எழுந்துவிட்டாள். விழுந்த பெண்ணும் எழுந்தாள். ஏட்டு சுவரை விட்டுக் கையை எடுத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பெயர் செல்வின் என்று விசாரித்ததில் தெரிந்தது. நாற்பத்தைந்து வயது. முன்வழுக்கை, சற்றே எடுப்பான பல். ஆள் அழகனாக இருந்திருந்தால் ஆவுடையப்பனுக்குக் கோபப்படுவதற்காவது வசதியாக இருந்திருக்கும்.

மறுவாரம் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு, அவர் பைக்கின் பின்னாலேயே போனான். காவலர் குடியிருப்பில் மூன்றாவது வரிசை. செல்வின் வண்டியை நிறுத்தினார். மாடிப்படியில் காத்திருந்த நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று, “அப்பா பிடி” என்று சொல்லிவிட்டு அங்கிருந்தே அவர் மேல் பாய்ந்தது. அவர் ஹெல்மெட்டைக் கீழே போட்டுவிட்டுப் பிடித்தார். குழந்தை அவர் வழுக்கையில் முகத்தைத் தேய்த்தது. செல்வின் சிரித்தார். கன்னம் ஏறி, கண்ணோரம் சுருங்கி, நெஞ்சு நிறைய மூச்செடுத்து.

இதுதானா என்று அவன் ஆறுதல் அடைந்திருக்கலாம். அடையவில்லை. அவனுக்கும் வடிவுக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் நிற்கவில்லை. அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. இப்போது வடிவு தினமும் சாயங்காலம் ஒரு குழந்தையைக் கட்டிக்கொள்கிறாள். அவன் இல்லாமல், இன்னொருவன் கையால். கள்ளக் காதலன் என்றால் சண்டை போடலாம். இதோடு எப்படிச் சண்டை போடுவது? தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, வயிறு பற்றி எரிய, வெகுநேரம் அங்கேயே நின்றான்.

அந்த மாதமே சம்மதம் கேட்டுத் துறையிலிருந்து ஆள் வந்தது. ஆவுடையப்பன் முடியாது என்று சொல்லிவிட்டான்.

வடிவு அன்று கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் சீருடையின் பெல்ட்டைச் சுருட்டியபடியே கேட்டாள்.

“எதுக்குங்க?”

“நீ முழுசா எனக்கு வேணும்.”

“முழுசா வந்தா தாங்குவியளா?”

“தாங்குவேன்.”

அவள் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். “சரி” என்றாள். மறுநாள் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

அந்த வாரமே கிணற்றிலிருந்து தாயும் பிள்ளையுமாக இரண்டு பிணங்களை எடுத்த வழக்கு. வடிவு வந்து குளியலறைக் கதவைச் சாத்தினாள். ஆவுடையப்பன் வெளியே நின்று கூப்பிட்டான். கதவு திறந்தது. பழைய மாதிரியே அவன் தோளில் முகம் வைத்து அழுதாள். அவன் முதுகைத் தடவிக் கொடுத்தான். அவள் நடுங்க நடுங்க, அவனுக்குள் ஒரு நிறைவு ஊறியது. பாவம் என்று தெரிந்தும் ஊறியது.

ஆனால் சாயங்காலங்கள் வேறு மாதிரி ஆயின. அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டிருப்பவள், அந்த நேரம் வந்ததும் கரண்டியைப் பிடித்தபடி நிற்பாள். வராது என்று தெரிந்த பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் நிற்பவள் போல நிற்பாள். பிறகு வேலையைத் தொடர்வாள். ஆவுடையப்பன் சாயங்காலக் காபிக்கு உள்ளே போவதை நிறுத்திவிட்டான். பக்கத்து டீக்கடையிலேயே குடித்துக்கொண்டான்.

ஒரு பகலில், கடையில் வேறு ஆள் இல்லாத நேரம், ஒரு பெண் உள்ளே வந்து கண் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் சிறு சிலுவை.

“கண்ணு பாக்கணுமா?”

“வேண்டாம் அண்ணாச்சி. நான் ஜெசிந்தா. செல்வின் ஏட்டு வீட்ல.”

ஆவுடையப்பன் கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தான். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தான்.

“நீங்கதான் வேண்டாம்னு சொன்னியன்னு தெரியும். தேரன்னைக்கே எங்க வீட்ல அவுகளுக்கு ஆள் யாருன்னு தெரிஞ்சு போச்சு” என்றாள். “நானும் வேண்டாம்னு சொல்லத்தான் நெனச்சேன். போன மாசம் வரைக்கும் அந்த எண்ணத்துலதான் இருந்தேன்.”

“நீங்களா? எதுக்கு?”

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “சொல்லவே கூச்சமா இருக்கு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவுக சாப்புட்டுட்டுப் படுத்திருப்பாவ. திடீர்னு முகம் அப்பிடியே இளகிரும். கண்ண மூடிக்கிட்டு ஒரு சிரிப்பு. என்னப் பாத்து அவுக அப்பிடிச் சிரிச்சதே கெடையாது. என்னன்னு கேட்டா, ‘அந்தப் பக்கம் மனசு நெறஞ்சிருக்கு’ன்னு சொல்லுவாவ. எனக்கு அடிவயித்துல தீய வச்ச மாதிரி இருக்கும். எவளோ ஒருத்தி சந்தோசத்துல எம் புருசன் கெடக்காரேன்னு.”

ஆவுடையப்பனுக்குத் தன் வாயில் இருந்ததை எடுத்து அவள் பேசுவதுபோல இருந்தது.

“மேடம்னு தெரிஞ்ச பொறவு, என்னதான் அங்க நடக்குன்னு பாத்துருவோம்னு ஒரு ஞாயித்துக்கிழமை கெளம்பி வந்துட்டேன். எதுத்தாப்புல இஸ்திரி வண்டிகிட்ட நின்னேன். உங்க கட ஷட்டரு பாதி தொறந்து கெடந்துச்சு. இந்தா, இந்த நாக்காலியிலதான் மேடம் உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாவ. நீங்க கீழ முக்காலியில இருந்தீங்க. அவுக கால மடியில வச்சு, பூட்ஸ் கடிச்ச காய்ப்பச் சுரண்டிக்கிட்டு இருந்தீங்க. ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசல. நான் வீட்டுக்குப் போனப் போட்டேன். இப்ப எப்பிடி இருக்குன்னு கேட்டேன். ‘இப்ப அந்தச் சந்தோசம் வந்துட்டு’ன்னாவ.”



தோள் வந்த பிறகு ஞாயிறுதோறும் செய்கிற வேலைதான். வெந்நீரில் காலை ஊறவைத்து, விளக்கைச் சாய்த்து, காலாணியைச் சீவி, எண்ணெய் தடவிவிடுவான். வடிவு நாளிதழுக்குள் முகத்தை வைத்திருப்பாள். எப்போதாவது பக்கத்தைப் புரட்டுவாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரிந்ததில்லை. கடமைக்குக் காலை நீட்டிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தான். இணைப்பைத் துண்டித்த பிறகு வந்த ஞாயிறுகள் அவளுக்கு ஸ்டேஷன் வேலையிலேயே போய்விட்டன. பாதி அந்தப் பக்கம் போய்விட்டால், முகத்துக்கு வர மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

“அன்னையோட எனக்குப் பொறாம போச்சு அண்ணாச்சி” என்றாள் ஜெசிந்தா. “இப்ப அவுகளுக்கு வேற ஜோடி போட்ருக்காவ. அந்தப் பக்கத்துலருந்து நல்லது ஒண்ணு வரல. எந்நேரமும் திக்கு திக்குன்னு பயந்தான். வண்டிய நிறுத்திட்டு அது அடங்குத வரைக்கும் வெளியவே உக்காந்துருக்காவ. புள்ள படியில நின்னு பாத்துக்கிட்டே இருக்கு. நீங்க மறுபடியும் சரின்னு சொன்னா, பழைய மாதிரி சேத்துருவாவளாம்.”

“நான் வடிவுகிட்ட பேசுதேன்” என்றான்.

அன்று சாயங்காலம் பின்கட்டுக்குப் போனான். வடிவு சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னான். ஏட்டின் பின்னால் போனதையும், படியிலிருந்து குழந்தை பாய்ந்ததையும், அதைப் பார்த்துத் தன் வயிறு எரிந்ததையும் சொன்னான். குழந்தை என்றதும் அவள் பானையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“புள்ளையா அது” என்றாள் மெதுவாக. “ஏதோ நாய்க்குட்டி மேல வந்து விழுத மாதிரி இருக்கும்.”

“நாளைக்கே போய்ச் சரின்னு சொல்லிருதேன்.”

வடிவு தலையை ஆட்டினாள். “செல்வின் ஏட்டு வர மாட்டாருங்க.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“நேத்து ஸ்டேஷனுக்கு வந்தாரு. அவரு வீட்ல இங்க வரப்போறாவன்னு அவருக்குத் தெரியாது போல. முத தடவையா நேர்ல பேசிக்கிட்டோம்.” ஆவுடையப்பனுக்குப் பழைய முள் ஒருமுறை அசைந்தது. அவள் தொடர்ந்தாள். “புதுசா சேந்தது எவனோ சின்னப் பையன் போல இருக்கு, யாருன்னு தெரியல. வீட்ல ஒருத்தரும் இல்லாதவன்னு மட்டும் தெரியுதாம். எந்த நேரத்துலயும் நல்லது ஒண்ணு கூட வரலையாம். ‘சாயங்காலம் வீட்டுப் படியேறும்போது மட்டும் அந்தப் பக்கம் கொஞ்சம் மூச்சு விடுது மேடம். அவன விட்டுட்டு வர மனசில்ல’ன்னாரு.”

“அப்ப உனக்கு?”

“எனக்கும் அப்பிடி ஒருத்தரப் போடச் சொல்லலாம்னு இருக்கேன். யாருமில்லாத ஆளா.” அவள் அவனைப் பார்த்தாள். “அங்கருந்து ஒண்ணும் வராது. இங்கருந்துதான் போகும். நம்ம வீட்டுது. அதான் உங்ககிட்டக் கேக்கேன்.”

இப்போதுதான் ஆவுடையப்பனுக்குத் தன் பங்கு எது என்று தெரிந்திருந்தது. தெரிந்த அன்றே அதில் பாதியை, முகம் தெரியாத எவருக்கோ கொடு என்கிறாள். கொடுத்தால், ஞாயிற்றுக்கிழமை அவள் முகம் மறுபடியும் வெறும் நாளிதழ் முகமாகிவிடும். ஒரே ஒரு ஞாயிறாவது அதை முழுசாகப் பார்த்துவிட்டுச் சம்மதிக்கலாமா என்றுகூட நினைத்தான். கிணற்று வழக்குக்குப் பிறகு அவள் கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த கருவளையத்தைப் பார்த்தான். அந்த ஒரு ஞாயிற்றுக்காகக் காத்திருக்காமல் சரி என்று சொல்லிவிட்டான்.

புது இணைப்பு வந்தது. வடிவு சொன்னபடியே அங்கிருந்து நல்லது ஒன்றும் வரவில்லை. அவள் அடிக்கடி சாப்பாட்டுக்கு நடுவே கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். “முழிச்சே கெடக்கு அந்த உடம்பு. ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல” என்பாள். ஆணா பெண்ணா என்று ஆவுடையப்பன் கேட்கவில்லை. பொறாமை போய்விட்டதா என்றால், முழுக்கப் போகவில்லை. வெந்நீர் வைக்கும்போதெல்லாம், முகம் தெரியாத ஒருவருக்கும் சேர்த்து வைக்கிறோம் என்று கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

மழை பிடித்திருந்த ஒரு ஞாயிறு. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அவன் அவள் குதிகாலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். வடிவு நாளிதழை மெல்ல மடியில் இறக்கினாள்.

“என்ன, வலிக்கா?”

அவள் உதட்டில் விரலை வைத்தாள். எங்கோ கேட்காத ஒன்றைக் கேட்பவள்போலக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பக்கம் அடங்கிட்டுங்க” என்றாள், சத்தமில்லாமல். “தூங்கிட்டுன்னு நெனைக்கேன்.”

ஆவுடையப்பன் கையை எடுக்கப் போனான்.

“நிறுத்தாதீங்க” என்றாள்.